உப்புக் காற்றும் ஒண்டுக்குடித்தனமும்

சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கோட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். 1639, கும்பினி, புனித ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் நகரம் என்னும் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். மயிலையும் அல்லிக்கேணியும் கும்பினிக்கு மிக முற்பட்டவை என்று வாதிட்டுக் கோயிலிலிருந்து தொடங்குவோரும் உண்டு. வாடகையிலிருந்து தொடங்கியவர்கள் மிகக் குறைவு. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று விரியும் நம் வானம் பார்த்த பூமியில் நின்று நோக்கினால், அம்மாநகரம் முதலில் ஒரு வாடகைக் கணக்காகவே கண்ணில் படும். படித்து முடித்த மகனைச் சென்னைக்கு அனுப்பும் வீட்டில் எழும் முதற்கேள்வி, என்ன வேலை என்பதன்று. எங்கே தங்குவான் என்பதே. அதற்குப் பல பத்தாண்டுகள் வழங்கிவந்த விடை ஒரே சொல்லில் அமைந்திருந்தது: திருவல்லிக்கேணி.

மெரினாக் கடற்கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், நகரத்தின் நடுவில், கையில் காசில்லாதவனுக்கு ஓர் இடம் எப்படிக் கிடைத்தது? உலகின் பல நகரங்களில் கடலைப் பார்த்த வீடு செல்வந்தர்க்கு உரியது. பம்பாயின் மரைன் டிரைவ் அதற்கு அண்மைச் சான்று. 1930களிலும் 40களிலும் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் ஓரமாக அங்கே எழுந்த அடுக்ககங்கள், கட்டப்பட்ட நாள்தொட்டு வசதி படைத்தோரின் இருப்பிடங்கள். சென்னையில் நிலைமை வேறாக அமைந்தது. அது எப்படி அமைந்தது, இன்று எப்படிக் குலைந்துவருகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்பட்ட இடம்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அரசு ஊழியரிடையே 'தண்ணியில்லாக் காடு' என்று ஒரு பெயர் உண்டு. தண்டனை மாறுதலுக்கு அதுவே மறுபெயர். 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன. மாவட்டம் மாறியதால் மழை மாறிவிடவில்லை. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மானாவாரி, அதுவும் பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுதல் என்பதே குண்டாற்றுப் படுகையின் வாழ்க்கை முறை. 2018இல் மைய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் எனப் பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும்தாம்.

அருப்புக்கோட்டைக்குத் தறி உண்டு. ஆனால் தறிவீட்டை அறிந்தவர்களுக்கு அதன் இட நெருக்கடியும் தெரியும். முன்னறையில் தரையைத் தோண்டித் தறிக்குழி. நெய்பவர் அதனுள் காலை இறக்கி அமர்வார். வீட்டின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் சமையலும் படுக்கையும் நடக்கும். வேலைக்குள் வீடு என்னும் இந்த ஏற்பாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மூன்று கட்டில்கள் போட்ட ஒற்றை அறை அதிர்ச்சி தருவதில்லை. நம்மூர்ப் பையன்கள் திருவல்லிக்கேணி அறைகளில் எளிதில் பொருந்திக்கொண்டதற்கு வறுமை மட்டுமே காரணமன்று. இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இருக்க இடம் தேடி ஊரை விட்டுச் செல்வது நம் பகுதிக்குப் புதிதன்று. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், 1892இல் தந்தையை இழந்தபின் மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். 1896இல் அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போய் இரமணராக அறியப்பட்டார். அவரது பயணத்தின் பொருள் வேறு. எனினும் குடும்பத்தலைவர் மறைந்ததும் வீடு சிதறுவதும், பிள்ளைகள் உறவினர் இல்லங்களுக்குப் பங்கிடப்படுவதுமாகிய முதற்பகுதி இவ்வட்டாரத்தின் எத்தனையோ குடும்பங்களுக்குப் பொதுவான கதையே.

கடல் பின்வாங்கிய கதை

இனிச் சென்னைக்கு வருவோம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்நகரத்து வெள்ளையர்களுக்குக் கடல் அழகுப்பொருளாக இருக்கவில்லை. துறைமுகம் இல்லாத கரை. அலையின் சீற்றத்தைக் கடந்து மசூலாப் படகுகளில்தான் கரையேற வேண்டும். படகு கவிழ்ந்து மாண்டோர் பலர். ஆகவே வசதி வந்ததும் அவர்கள் கோட்டையை விட்டு வெளியேறி, கடலுக்கு முதுகு காட்டி, நுங்கம்பாக்கமும் அடையாறுமாக உள்நிலத்தில் தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் விட்ட கரையில் மீனவர் குப்பங்கள் நீடித்தன. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய மாடவீதிகளும், அவற்றின் வடக்கிலும் மேற்கிலும் ஆர்க்காட்டு நவாபின் பரிவாரத்தாரும் நிலைகொண்டனர். நவாப் முகமது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். வாலாஜா பள்ளிவாசல் 1795இல் எழுந்தது.

1855இல் கடைசிப் பட்டத்து நவாப் வாரிசின்றி இறந்தபோது அந்தப் பதவியை ஆங்கில அரசு ஒழித்தது. அரண்மனையும் அதன் பரந்த வளாகமும் அரசின் கைக்குப் போயின. கடலோரத்தின் முகப்பு முழுவதும் அரசுக் கட்டடங்களும் கல்லூரிகளும் நிறைந்தன. மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870இலும், பல்கலைக்கழக மேலவை மண்டபம் 1879இலும் முடிந்தன. தனியார் மாளிகை வரிசை எழ வேண்டிய இடத்தில் பொதுக் கட்டடங்கள் எழுந்துவிட்டன என்பது நம் பொருளுக்கு முக்கியமான செய்தி. அவற்றின் பின்னே, நவாபை அண்டி வாழ்ந்து வருவாய் இழந்த குடும்பங்களின் பெரிய வீடுகளும், கோயிலை ஒட்டிய பழைய வீடுகளும் பிரிந்து பிரிந்து வாடகைக்கு வந்தன.

கரையும் மாறியது. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்துவரும் மணல் அங்கே தடுக்கப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற கடற்கரை உருவாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாச்சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயர் சூட்டியது இந்தப் புதிய மணலின் ஓரத்தில்தான். அகன்ற மணல்வெளி யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகவில்லை. பின்னாளில் திலகர் கட்டம் என்று பெயர் பெற்ற அரசியல் கூட்டத் திடலும், மாலையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்காரும் வேலையற்ற பட்டதாரியும் அதனால்தான் சாத்தியமாயினர்.

அச்சமும் தன் பங்கைச் செய்தது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் கடலிலிருந்து குண்டு வீசியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்னும் செய்தியால் நகரமே காலியாயிற்று. கடலோரம் என்றால் ஆபத்தின் திசை என்னும் எண்ணம் ஒரு தலைமுறைக்காவது இருந்தது.

குடக்கூலியும் எழுத்தும்

இப்படி உருவான வாடகைத் தெருக்களில் வந்து தங்கியோர் பட்டியல் நமக்குச் சில செய்திகளைச் சொல்கிறது. கணிதமேதை இராமானுஜன் 1912 பிப்ரவரியில் துறைமுக அலுவலகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பத்தில் கண்டிருப்பது திருவல்லிக்கேணி முகவரி. வேலை கிடைத்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு நகரத்தில் ஓர் இடம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மளிகைச் செலவைக் குறைக்க எண்ணிய அப்பகுதியின் நடுத்தரக் குடும்பத்தினர் 1904இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தனர். இந்தியாவின் தொடக்ககால நுகர்வோர் கூட்டுறவுகளுள் அது ஒன்று. குறைந்த வாடகைத் தெருவில்தான் இத்தகைய அமைப்பு தோன்றும்.

கரிசல் பூமியிலிருந்து திருவல்லிக்கேணிக்கு வந்தவர்களில் தலையாயவர் எட்டயபுரத்துக்காரர். புதுவையிலிருந்து திரும்பிக் கடையத்தில் தங்கி, மீண்டும் சுதேசமித்திரனில் பணியேற்ற பாரதி, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். அங்கேதான் 1921 செப்டம்பரில் மறைந்தார். அந்த வீட்டை இன்று நினைவில்லமாகக் காண்கிறோம். அவர் வாழ்ந்தபோது அது வாடகை வீடு. தமிழின் மகாகவி சொந்த வீட்டில் சாகவில்லை என்பதை நாம் இரக்கத்தோடு சொல்வது வழக்கம். அவருக்கு வாடகை கொடுத்துத் தங்க ஓர் இடம் கோயிலுக்கும் கடலுக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் எட்டும் தொலைவில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையை நினைவில் கொள்ளாத இலக்கிய வாசகர் இரார். திருவல்லிக்கேணிக்குத் திரும்பும் வழிச்செலவைச் சில்லறையில் கணக்கிட்டுக்கொண்டு நடுவீதியில் நிற்பவரிடம்தான் கடவுள் வந்து சேர்கிறார். கடவுளையே விருந்தாளியாக அழைத்துப் போகக்கூடிய வீடு ஒரு வாடகைக் குடித்தனமாக இருப்பது தற்செயலன்று. அந்தக் காலச் சென்னையின் எழுத்தாளர், பத்திரிகையாளர், குமாஸ்தா அனைவரின் வாழ்வும் அவ்வாறே.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' இதழின் முகவரி திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெரு. 1970 வரை அவ்விதழ் நடந்தது. அதைப் பற்றிய நம் உரையாடல்கள் புதுக்கவிதை, விமரிசனம் என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் சிற்றிதழ் ஒன்றின் வரவு செலவைப் போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: காகிதமும் அச்சும் தபாலும் குறைக்க முடியாத செலவுகள், குறைக்கக்கூடியது வாழ்க்கைச் செலவு ஒன்றே. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற ஒருவர் நகரின் நடுவில் பதினொரு ஆண்டுக்கு மேல் இதழ் நடத்த முடிந்ததில் அந்தத் தெருவின் மலிவுக்கும் பங்குண்டு. நவீன தமிழ் இலக்கியத்துக்குப் பெரிய புரவலர்கள் அமையவில்லை என்று குறைபடுகிறோம். குறைந்த வாடகையும் ஒரு புரவலரே.

சட்டம் கட்டிய அறை

அந்த வாடகை ஏன் குறைவாகவே இருந்தது? இதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. உலகப் போரின் போதும் அதன் பின்னும் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட, சென்னை மாகாணத்தில் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இடத்தில் வந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நின்றது. 'நியாய வாடகை' என்பதை அதிகாரி ஒருவர் நிர்ணயிப்பார். சட்டம் குறிப்பிட்ட காரணமின்றிக் குடித்தனக்காரரை வெளியேற்ற இயலாது. இதன் விளைவு இருமுகம் கொண்டது. குடியிருந்தவர்கள் தலைமுறையாகப் பழைய வாடகையில் இருந்தனர். வருமானம் பெருகாத வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிப்பதையும் ஓடு மாற்றுவதையும் நிறுத்தினார். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரே கிணறு, ஒரே கழிப்பிடம் என்னும் ஒண்டுக்குடித்தனங்கள் இடிந்துகொண்டே நீடித்தன.

இச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விலக்கு உண்டு. 'கட்டடம்' என்பதன் வரையறையிலிருந்து உணவுவிடுதி, தங்கும் விடுதி ஆகியவற்றின் அறையை அது நீக்கிவைத்தது. வீடாக வாடகைக்கு விட்டால் குடித்தனக்காரரை எழுப்ப முடியாது. விடுதி அறையாக விட்டால் எழுப்பலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவல்லிக்கேணியிலும் சேப்பாக்கத்திலும் 'மேன்ஷன்'கள் பெருகியதற்கு வேலை தேடி வந்த ஆண்களின் கூட்டம் முதற்காரணம். இந்த விலக்கு இரண்டாம் காரணம் என்று கொள்ள இடமுண்டு. மாளிகை என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அக்கட்டடங்களின் அறைகளைச் சட்டம் வீடாகவே கருதவில்லை. அங்கே இருபது ஆண்டு தங்கியவனும் சட்டத்தின் கண்ணில் விருந்தாளிதான்.

மேன்ஷனின் அமைப்பு பலரும் அறிந்ததே. நடுவில் காற்றுக்காகத் திறந்து விட்ட இடைவெளி, அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடை, நடையை நோக்கிய கதவுகள். அறைக்குள் இரண்டு அல்லது மூன்று இரும்புக் கட்டில், சுவரில் பதித்த அலமாரி, ஒரு மின்விசிறி. மாடிக்கோடியில் பொதுக் குளியலறைகள். காலை ஏழு மணிக்கு வாளிகளின் வரிசை. மொட்டைமாடி துணி காயவும், கோடை இரவில் பாய் விரிக்கவும். கீழே மேலாளர் மேசை, கடிதங்கள் செருகிவைக்கும் தட்டு. சமையல் கூடாது, ஆகவே தெருவெங்கும் மெஸ்கள். அவற்றில் மாதச் சீட்டுக் கணக்கு.

அந்தக் கடிதத் தட்டைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, தேர்வாணைய விண்ணப்பம், நேர்காணல் அழைப்பு, ஊரிலிருந்து பணவிடை என்று அனைத்துக்கும் ஒரு முகவரி தேவை. நம் வட்டாரத்து இளைஞனுக்கு மேன்ஷன் முதன்மையாக விற்றது அந்த முகவரியைத்தான். படுக்க இடம் அடுத்தது. தலைமைச் செயலகமும் எழிலகமும் பல்கலைக்கழக நூலகமும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் இலக்கியத் துறை கடற்கரைச் சாலையில் மெரினா வளாகத்தில் இருப்பதால், முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த தமிழ் மாணவர்களுக்கும் இதுவே தங்குமிடம். பைக்ராப்ட்ஸ் சாலை என்று வழங்கிய பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். பேருந்துச் செலவில்லாத வாழ்க்கை என்பது இருபத்திரண்டு வயதில் சிறிய சலுகையன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் தெரு என்பது சாதியின் பெயர். எவர் வீட்டுத் திண்ணையில் எவர் அமரலாம் என்பது பிறப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும். மேன்ஷன் அறையில் மூன்று கட்டில்களுக்கு மூன்று தெருக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே வாளியில் நீர் மொண்டு, ஒரே சீப்பில் தலைவாரி, ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனார்கள். இதை மிகைப்படுத்திச் சமத்துவபுரமாக வரைவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அறை கிடைப்பதே பெரும்பாலும் ஊர்க்காரர் ஒருவரின் பரிந்துரையால்; ஊர்க்காரர் என்னும் சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கும். அருகிலிருந்த தெருக்களில் வீட்டுப் பகுதி வாடகைக்குக் கேட்டவரிடம் 'சைவமா' என்று விசாரித்ததும் சாதியைக் கேட்பதற்கான நாகரிகமான வழியே. எனினும் மேன்ஷன் மேலாளர் கேட்ட முதற்கேள்வி முன்பணம் பற்றியது. கிராமத்திலிருந்து வந்த தலித் இளைஞனுக்கு அந்தக் கேள்வியின் வறட்சியே ஒரு விடுதலையாக இருந்திருக்கும்.

பெண்களுக்கு இந்த விடுதலை கிடைக்கவில்லை. மேன்ஷன் ஆண்களுடையது. பெண்கள் மாடியேறக் கூடாது என்பது எழுதாத விதி. சில இடங்களில் எழுதியே வைத்திருந்தார்கள். மகனைப் பார்க்க வந்த தாயும் கீழே நாற்காலியில் அமர்ந்துதான் பேச வேண்டும். அதே தறிவீட்டில் பிறந்து அதே கல்லூரியில் படித்த தங்கை, உறவினர் வீடோ உழைக்கும் மகளிர் விடுதியோ அமைந்தாலொழியச் சென்னைக்கு வர இயலவில்லை. அந்த மகளிர் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த ஒரு சட்டம் வந்ததே 2014இல்தான். திருவல்லிக்கேணியை நினைவுகூரும் கட்டுரைகளிலும் கவிதைகளிலும் பெண் குரல் அரிதாக இருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தண்ணீரும் துரத்தியது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் நூலாக வந்தபோது அது சென்னைக் குடித்தனப் பகுதிகளின் அன்றாடம். 1993, 2003-04, 2019 என்று நகரம் மீண்டும் மீண்டும் வறண்டது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு விடுதிகளும் மெஸ்களும் திண்டாடின. தண்ணியில்லாக் காட்டிலிருந்து தப்பி வந்தவன், கண்ணுக்கெட்டிய தூரம் நீர் தெரியும் கடற்கரையில் குடத்தோடு காத்திருந்தான்.

குப்பத்து அடுக்குமாடி

கடலுக்கு இன்னும் நெருக்கமாக, மணலின் விளிம்பிலேயே, மூன்றாவது வகைக் கட்டடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதாவிட்டால் இவ்வரலாறு வந்தேறிகளின் வரலாறாக மட்டுமே முடிந்துவிடும். குப்பங்களின் மீனவர்கள் அந்தக் கரையின் பழங்குடிகள். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் முதலிய இடங்களில் கூரைக் குடிசைகளுக்கு மாற்றாக மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. குடிசைவாசிகளை இருந்த இடத்திலேயே வைத்து அடுக்குமாடி கட்டித் தருவது என்னும் அன்றைய கொள்கை, இந்திய நகரங்களில் துணிச்சலான ஒன்று. ஓர் அறை, ஒரு சமையல் மூலை என்று வீடு சிறியது. ஆனால் சன்னலிலிருந்து கடல் தெரியும். மீனவருக்குக் கடல் தெரிவது அழகுக்காக அன்று. நீரின் நிறமும் காற்றின் திசையும் பார்த்துத்தான் படகு இறங்கும்.

அதே கரையை அழகுபடுத்த வேண்டும் என்னும் எண்ணம் அரசுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. 1977இல் முதலமைச்சரானபோது அருப்புக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் எம்.ஜி.ஆர். என்பது நம்மூரில் இன்றும் பெருமையோடு பேசப்படும் செய்தி. அவருடைய ஆட்சிக்காலத்திலேயே, 1985இல், மெரினா மணலிலிருந்து படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எழுந்த மோதலில் காவல்துறை சுட்டு மீனவர்கள் உயிரிழந்தார்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலையில்தான், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், வாழ்வுரிமை என்பது வாழ்வாதாரத்துக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் 'பாதுகாப்பு' என்னும் சொல் வந்தது. நகரத்தின் ஏழைகளை ஏற்கெனவே 2000முதல் கண்ணகி நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பின்னர் செம்மஞ்சேரி. இரண்டும் நகரின் தென்கோடியில், வேலைத்தலங்களிலிருந்து நெடுந்தொலைவில் எழுந்தவை. இருந்த இடத்திலேயே வீடு என்னும் 1970ஆம் ஆண்டின் வாக்குறுதி, இடம் எங்கோ வீடு ஏதோ என்று மாறியது. வாரியத்தின் பெயரும் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று.

உப்பின் வேலை

கடலோரப் பழங்கட்டடத்தின் மலிவுக்கு இயற்கை சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. பிற்பகலில் கரையேறும் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. அது சுவரின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டுகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு உப்பும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடிக்கும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். பூச்சு கெட்டியாக இருந்தால், நீர்க்கசிவை அவ்வப்போது அடைத்தால், இதைப் பல்லாண்டு தள்ளிப்போடலாம். வாடகை உயராத வீட்டுக்காரரும் நிதி ஒதுக்காத வாரியமும் அதைச் செய்யவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்புத் தொகுதி ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசல் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய குடியிருப்பின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து இளைஞர் ஒருவர் இறந்தார்.

மலிவு என்று நாம் கொண்டாடும் ஒன்றின் மறுபக்கம் இது. பழைய கட்டடம் மலிவாக இருப்பது, பழுது பார்க்கும் செலவை யாரும் ஏற்காததால். அந்தச் செலவை இறுதியில் குடியிருப்பவர் தன் தலையில் ஏற்கிறார். சில வேளைகளில் உண்மையாகவே தலையில். ஆகவே 'பழையன இருக்கட்டும்' என்று ஏக்கத்தோடு எழுதிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. இடித்துக் கட்டுவதற்கும் எளிய ஆதரவு தந்துவிட முடியாது. இடிக்கும் நாளில் வெளியேறிய குடும்பம் கட்டி முடித்த நாளில் அதே இடத்துக்குத் திரும்புமா என்பதே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி.

தனியார் வீடுகளில் அக்கேள்விக்கு விடை ஏறத்தாழ எழுதப்பட்டுவிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இனி வாடகை என்பது எழுத்து வழி ஒப்பந்தம் சொல்லும் தொகை. அரசு அதிகாரி நியாயம் நிர்ணயிக்கும் காலம் முடிந்தது. பழைய சட்டம் பல வீட்டுக்காரர்களை, குறிப்பாக ஒற்றை வீட்டை நம்பி வாழ்ந்த முதியவர்களை, வருத்தியது உண்மை. ஆனால் அது போனபோது, அதன் நிழலில் இருந்த குறைந்த வாடகைக்கு மாற்றாக எதுவும் வைக்கப்படவில்லை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது மேன்ஷன்கள் ஒரே வாரத்தில் காலியானதைப் பார்த்தோம். விருந்தாளிக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

மேன்ஷன்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வட மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களும் போட்டித் தேர்வு எழுதுவோரும் இன்றும் அங்கே தங்குகிறார்கள். ஆனால் வேலைகள் பழைய மகாபலிபுரம் சாலைக்கு நகர்ந்துவிட்டன. நம் பிள்ளைகளும் அங்குள்ள கட்டண விடுதிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த விடுதிகளில் கட்டிலும் உண்டு, இணையமும் உண்டு. நடந்து போகும் தூரத்தில் நூலகமும் பழைய புத்தகக் கடையும் கூட்டத் திடலும் இல்லை. இழப்பு எதுவென்றால், நகரத்தின் நடுவில் நிற்க ஓர் ஏழைக்கு இருந்த தகுதி. அது போனபின், கரிசலிலிருந்து புறப்படும் அடுத்த தலைமுறைக்கு நகரம் வேலை தரலாம். தன் பேச்சிலும் எழுத்திலும் இடம் தருமா என்பது ஐயமே.

இதற்குச் செய்யக்கூடியன சில உண்டு. பொது நிலத்தில் எழும் மறுகட்டுமானங்களில் பழைய குடும்பங்கள் திரும்பும் உரிமையைச் சட்டமாக்குவது ஒன்று. நகர நடுவில் வேலை தேடுவோருக்கான, குறிப்பாகப் பெண்களுக்கான, குறைந்த வாடகை விடுதிகளை அரசே நடத்துவது மற்றொன்று. இவை அரசின் வேலை. நம் வேலை இதைவிட எளியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வீடுகளின் பரண்களில் இன்னும் பழைய கடிதக் கட்டுகள் கிடக்கின்றன. அவற்றின் பின்புறம் எழுதிய அனுப்புநர் முகவரிகள், பணவிடைச் சீட்டுகள், மெஸ் கணக்குகள் எல்லாம் ஒரு நகரத்தின் வரலாற்று ஆவணங்கள். கரையானுக்கும் பழைய தாள் வியாபாரிக்கும் போவதற்குள் அவற்றைத் தொகுத்துவிட்டால், கோட்டையிலிருந்து தொடங்காத ஒரு சென்னை வரலாற்றை எவரேனும் எழுத முடியும்.